சாவி யாரிடம் இருந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு ரோபோ தண்ணீருக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் என் மகளும் இறங்கினாள். இரண்டாவது, திட்டத்தில் இல்லை.

மகள் யாழினி, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கடலில் விசைப்படகின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால், ஓர் ஆள் அடியில் முங்கித்தான் பார்க்க வேண்டும். அவருக்குப் பதிலாக முங்கிப் பார்க்க, இவளும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். பிவிசி பைப், நாலு மோட்டார், ஒரு கேமரா, நீளமான கேபிள். வாஷ்பேசினுக்கு அடியிலிருந்து தப்பி வந்தது போலிருக்கும்.

நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மெஷினுக்குள் கை வைப்பவர், முதலில் அதன் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும்... இதை இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அன்றைக்கு மகளிடம் என்ன கேட்டேன்? தொப்பி எடுத்தாயா, தண்ணீர் பாட்டில் எடுத்தாயா.

படகு கரையில் கட்டியிருந்தது. டீமில் இருக்கும் பிரவீனின் சித்தப்பா ஏழுமலைதான் டிரைவர். இன்ஜினை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். வலை சுற்றியிருக்கிறதா என்று பார்க்கப் போன ரோபோ, தன் கேபிளையே புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது. இழுத்தார்கள். வரவில்லை. நீச்சல் தெரிந்தவள் யாழினி மட்டும்தான். குதித்துவிட்டாள். மற்ற மூவரும் படகின் பின்பக்கம் உட்கார்ந்து, ரோபோவின் கேமரா லேப்டாப்பில் காட்டிய அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மீன் இறக்க இன்னொரு படகு வந்து ஹாரன் அடித்தது. திரும்பி வந்த ஏழுமலை, படகைத் தள்ளி நிறுத்துவதற்காக நேரே கேபினுக்குள் போனார். அவர் கை சாவிக்குப் போனது.

நான் கேபின் வாசலில்தான் நின்றிருந்தேன். பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார்?"

"அடியில... பொண்ணு..."

அவர் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பின்பக்கம் ஓடிப்போய்த் தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

ரோபோவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, சிரித்தபடி மேலே வந்தாள் யாழினி.

"முழுகறதுக்கு முன்ன சாவிய இடுப்புல கட்டிக்குவோம் பாப்பா," என்றார் ஏழுமலை. "சாவி இங்க மாட்டிகினு கீதுன்னா, அடியில ஆளு இல்லன்னு அர்த்தம். உனக்கு யாரும் சொல்லலயா?"

"ஆளே எறங்க வேணாம்னுதான்ணா ரோபோ செஞ்சோம். அதனால சாவிய பத்தி யோசிக்கல."

நியாயமான பதில். ஆள் இறங்கக் கூடாது என்று மெஷின் செய்கிறோம். மெஷின் சிக்கிக்கொண்டால் யார் இறங்குவது? அதை மட்டும் யாரும் வரைபடத்தில் போடுவதில்லை.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "சார் இன்னா வேல பாக்குறாரு?"

யாழினி சொன்னாள். அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய திட்டு அதுதான்.

படகை நகர்த்தச் சாவியைத் திருப்பிக் கேட்டார். நான்கு பிள்ளைகளையும் இரண்டு முறை எண்ணிய பிறகுதான் கையை விரித்தேன்.

இந்த வாரம் ரோபோவில் ஒரு மாற்றம். படகின் சாவியை எடுத்துவந்து கன்ட்ரோல் பெட்டியில் செருகினால்தான் ரோபோ அசையும்; அப்போது இன்ஜினைக் கிளப்பச் சாவி இருக்காது. ஆள் இறங்கினால், அந்தச் சாவியும் ஆளோடு இறங்கும்.

அந்த ரோபோவில் எனக்கு முழுதாகப் புரிந்த பாகம் அது ஒன்றுதான். இருபது வருடமாக நான் பாடம் நடத்தும் பாகமும் அதுதான்.