பாண்டுரங்கன் கொடுத்த மனு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலையைத் தாண்டியதும் வருகிற நிறுத்தத்தில் தேவநாதனின் டீக்கடை இருக்கிறது. காலையில் அங்கே டீ குடிக்கப் போகிறவர்களுக்குப் பாண்டுரங்கனின் பேச்சு இலவசம். மற்றபடி இலவசம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

நாலு ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், இரண்டு கறவை மாடு, பத்தாவது வரை படிப்பு. மகன் ராஜ்குமார் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். கார்த்திகைப் பட்டத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, மிச்ச நாளில் உளுந்தோ கேப்பையோ. கடன் கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை, ரேஷன் கடையில் சர்க்கரை தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். மனைவி சித்ராவுக்கு மாதாமாதம் வருகிற உரிமைத்தொகையைப் பற்றிக் கேட்டால், அது அவளுடைய விஷயம் என்று கழன்றுகொள்வார். இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. இவர் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. களை வெட்டுகிற நேரத்தில் ஆள் கிடைக்காமல் அவர் அலைந்த அலைச்சலை ஊரே பார்த்திருக்கிறது. செடியை மூடிக்கொண்டு கோரை நிற்கும். பெண்கள் எல்லாம் நூறு நாள் வேலை என்று ஏரிக்கரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் அவர் வாய் நீண்டது.

"ஜனங்கள கெடுத்ததே கவர்மெண்டுதான். பஸ்ஸு ஓசி, அரிசி ஓசி, வேல செய்யாமலே கூலி. இப்படியே போச்சின்னா நாளிக்கி சோத்த பெசஞ்சி ஊட்டுறதுக்கும் ஒரு ஆள் போடுன்னு கேப்பான்."

அவருக்கு ஈடுகொடுத்துப் பேசுகிற ஒரே ஆள் விருத்தாசலம். காலனிக்காரர், கொத்தனார், புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர். பஸ் வரும் வரைக்கும் அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

"யாரு துட்டுல குடுக்கறாங்கன்னு சொல்றீங்க அண்ணே?"

"நாங்க கட்டுற வரிதான்."

"விவசாயத்துக்கு ஏது வரி? மோட்டாருக்கு கரண்டு பில்லு உண்டா? நான் வாங்குற கரண்டி, மட்டக்கோலு, புள்ளைக்கு வாங்குற பிஸ்கோத்து, எல்லாத்துலயும் வரிய புடிச்சிக்கினுதான் மிச்சத்த குடுக்கறான். அப்ப நான் கட்டுற வரியிலதான் உங்க மோட்டாரு ஓடுது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாண்டுரங்கன் அசரவில்லை. "அந்த கரண்டுக்காவ துப்பாக்கி சூட்டுல செத்தவன் விவசாயி. சும்மா குடுக்கல. அதுவும் இல்லாம அதுல வெளையறத நானா திங்கறேன்? நீதான் திங்கற. எங்கம்மாவ பாரு. எழுவத்தஞ்சி வயசு. தானா ஒல வச்சி, தானா பொங்கி துன்னுது. பெத்த புள்ள கையவே எதிர்பாக்கல. அந்த காலத்து மனுசங்க ரோசம் அது. இப்ப இருக்கறவங்களுக்கு அது எங்க இருக்குது?"

இந்த இடம் வந்ததும் விருத்தாசலம் வாயை மூடிக்கொள்வார். வாதத்தில் தோற்றதனால் என்று பாண்டுரங்கன் நினைத்துக்கொள்வார். விருத்தாசலத்தின் மனைவியும் தன் அம்மா கெங்கம்மாளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கூலிக்கு விதை மல்லாட்டை உடைக்கிறவர்கள் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

கெங்கம்மாள் தனியாகப் பொங்கித் தின்றது உண்மைதான். ரோசம் என்று அவர் சொன்னதுதான் பொய். புருஷன் இறந்த வருடம் நிலத்தை மகன் பேருக்கு எழுதிக்கொடுத்தாள். வருடத்துக்கு இரண்டு மூட்டை மல்லாட்டையும் சாப்பாட்டு நெல்லும் அம்மாவுக்கு அளந்துவிட வேண்டும் என்று பங்காளிகள் முன்னால் பேச்சு. பிறகு ஒரு நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மாமியாருக்கும் மருமகளுக்கும் குழம்பில் தொடங்கிய சண்டை அடுப்பைப் பிரித்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷீட் கொட்டகைக்குக் கெங்கம்மாள் தன் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனாள். பாண்டுரங்கன் அப்போது வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் போனால் பேஜார் என்று அப்படியே கிளம்பிப் போய்விட்டார். முதல் வருடம் மூட்டை அளந்தார். அடுத்த வருடம் மழையில் விளைச்சல் போனது. அதற்கடுத்த வருடம் மறந்து போனது. கெங்கம்மாள் கேட்கவில்லை. கேட்காதவரை தேவை இல்லை என்றுதானே அர்த்தம்? எண்ணெயும் பருப்பும் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. தினமும் காலையில் கொட்டகையிலிருந்து புகை வந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பச்சைமுத்து விவகாரம் வந்தது. பச்சைமுத்துவுக்கு மெத்தை வீடு, சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகள். அந்த மனிதர் மாதாமாதம் முதியோர் பென்ஷனும் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் டீக்கடைக்கு வந்து மற்றவர்களுக்கும் டீ வாங்கித் தருவார். பாண்டுரங்கனுக்கு அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் போனார். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தார். எங்கள் ஊரில் சம்பாதிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆதரவற்றவர் என்று சொல்லிப் பென்ஷன் வாங்குகிறார்கள், அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். பச்சைமுத்துவின் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் சொந்தப் பகை என்று ஆகிவிடும் என்பதால் பொதுவாக எழுதினார். தன்னுடைய பெருந்தன்மையை நினைத்து அன்று அவருக்கே பெருமையாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து வருவாய் ஆய்வாளர் வந்தார். கலைப்பிரியா என்று பெயர், சின்ன வயதுப் பெண். பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும் என்று தலையாரி முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாண்டுரங்கன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முன்கூட்டியே போய், நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டு, ஆய்வாளருக்கு மோர் வாங்கிவரச் சொன்னார். மனு கொடுத்தது நான்தான் என்று இரண்டு முறை சொன்னார். வேடிக்கை பார்க்க டீக்கடைக் கூட்டம் முழுவதும் வேப்ப மரத்தடிக்கு வந்திருந்தது. அன்று வேலை இல்லாததால் விருத்தாசலமும் வந்திருந்தார்.

பச்சைமுத்து வந்தார். பிள்ளைகள் ஒரு பைசா அனுப்புவதில்லை என்று அழாத குறையாகச் சொன்னார். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் காட்டி ஆய்வாளர் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. பாண்டுரங்கன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இன்னும் சில பேர் வந்து போனார்கள். பிறகு தலையாரி குரல் கொடுத்தார்.

"கெங்கம்மா."

வேறு கெங்கம்மாள் என்றுதான் பாண்டுரங்கன் நினைத்தார். ஊரில் வேறு கெங்கம்மாள் இல்லை என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவருடைய அம்மா, துணிக்கடைப் பையில் பேங்க் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் வைத்துக்கொண்டு, மேஜைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவரை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"பசங்க இருக்காங்களா பாட்டி?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அப்போதுதான் கெங்கம்மாள் நிமிர்ந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற மகனைப் பார்த்தாள்.

இல்லை என்று சொன்னால் பென்ஷன் தொடரும். ஊர் முன்னால் மகனின் மானம் போய்விடும். இருக்கிறான் என்றால் மகனின் மானம் நிற்கும். அடுத்த மாதம் முதல் அவளுக்கு எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் வழி இருக்காது. இதையெல்லாம் அவள் யோசித்தாளா என்று தெரியாது. பாண்டுரங்கன் யோசித்தார். அவர் வாயைத் திறந்து என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எங்கம்மாதான் மேடம், நான் பார்த்துக்கொள்ளவில்லை, அந்தப் பணத்தை நிறுத்தாதீர்கள் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஊரில் அவ்வளவு பேசுகிற வாய் அது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, ஆங், சொல்லு" என்றபடி நாலடி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். போன் அடிக்கவே இல்லை.

"பாட்டி, உங்களத்தான் கேக்கறேன். பையன் இருக்காரா?"

"கீறான்மா. ஒரே புள்ள. நல்லா பாத்துக்கறான். மூணு வேளையும் அவன் ஊட்டு சோறுதான்."

"அப்பறம் எப்படி பாட்டி ஆதரவில்லன்னு சொல்லி பென்ஷன் வாங்குனீங்க? தப்பில்லையா?"

"தப்புதாம்மா. தெரியாம வாங்கிட்டேன். நிறுத்திடு."

தலையாரிக்கு உண்மை தெரியும். வேப்ப மரத்தடியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. சுவரைப் பார்த்து நின்ற பாண்டுரங்கனுக்கு முதுகு முழுவதும் கூசியது. பெற்றவள் ஊர் முன்னால் தன்னை ஏமாற்றுக்காரி ஆக்கிக்கொண்டு அவரைக் காப்பாற்றிவிட்டாள். அவர் காப்பாற்றப்பட்டவராக, காதில் செத்த போனை வைத்தபடி நின்றிருந்தார். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கூட்டம் கலைகிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விருத்தாசலம் கிண்டலாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பாண்டுரங்கனைத் தாண்டிப் போகும்போது, பார்க்காதவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த மரியாதைதான் பாண்டுரங்கனைக் கொன்றது.

வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். சித்ராவுக்கு அதற்குள் எல்லாச் செய்தியும் வந்து சேர்ந்திருந்தது.

"பென்ஷன் வாங்கிக்கினு இருந்தது உனக்கு தெரியுமா?"

"தெரியும். பேங்க்காரங்க மிஷின எடுத்துக்கினு வந்து வாசல்லதான் ரேகை வாங்கி துட்டு குடுப்பாங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ ஒழுங்கா சோறு போட்டிருந்தா இந்த கேவலம் வந்திருக்குமா?"

சித்ரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் சண்ட போட்டவதான். இல்லன்னு சொல்லல. எனக்கு அவங்க மாமியாரு. உங்களுக்கு யாருங்க?"

 அவள் உள்ளே போய்ச் சோறு, கீரைக் குழம்பு, அப்பளம் எல்லாவற்றையும் டிபன் கேரியரில் போட்டு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். கொண்டுபோய்க் கொடு என்று அவள் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டுத் தொட்டி மட்டும்தான் இருந்தது. உள்ளே போய் எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகம் இல்லை. கெங்கம்மாள் யாரோ ஒருவருடைய விதை மல்லாட்டையை முறத்தில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் தேய்ந்து போயிருந்தது. மகனைப் பார்த்ததும் தோலை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி அவர் உட்கார இடம் பண்ணிக்கொடுத்தாள்.

"இனிமே நம்ம ஊட்லயே சாப்புடும்மா" என்றார் பாண்டுரங்கன்.

"சாப்புடறேன். அங்க அப்படித்தான சொல்லிட்டு வந்துகீறேன்." கேரியரைத் திறந்து பார்த்தாள். "அந்த பொண்ணு கேட்டப்ப நீ சொல்லுவேன்னு உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். அந்த நேரம் பாத்து உனக்கு போனு வந்துடுச்சி. அதான் நானே சொல்லிட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தெரிந்து சொல்கிறாளா தெரியாமல் சொல்கிறாளா என்று நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"யாரு போன்ல, ராஜ்குமாரா? புள்ள நல்லா கீறானா?"

"நல்லா கீறாம்மா" என்றார். அதற்கு மட்டும் வாய் வந்தது.