நாத்தனாரின் சிவப்பு மழைக்கோட்டு

கடைக்காரர் தன் குழல்விளக்கைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நின்றதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு ஸ்கூட்டரை நிறுத்தினால் மறு ஸ்கூட்டர் போக முடியாத சந்தில் இருந்த மழைக்கோட்டுக் கடை அது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவரும், ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவருமான என் நாத்தனார், கடையின் நடுவில் காலை அகட்டி நின்று, என் குடையைத் தலைகீழாகப் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கி வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே ஆண்களின் சாம்பல் நிற மழைக்கோட்டு, கீழே பருத்திப் புடவை. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "ஏன் மேடம், மளெகா, குஸ்திகா?" என்று கேட்டார். மழைக்கு வாங்குகிறீர்களா, குஸ்திக்கு வாங்குகிறீர்களா என்று மைசூர்க்காரருக்குக் கேட்கத் தோன்றியதில் தப்பில்லை. "கோல்ஃபுக்கு" என்றார் நாத்தனார், பாடம் நடத்தும் அதே குரலில். கடைக்காரர் குழல்விளக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. அவருடைய கணவரை, என் வீட்டுக்காரர் கூப்பிடுவதைப் போலவே நானும் அத்திம்பேர் என்பேன். அத்திம்பேர் மாநில அரசில் பொறியாளர். குன்றின் அடியில், பந்தயக் குதிரைகள் ஓடும் திடலுக்கு நடுவே இருந்த மைதானத்தில் ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதத்தில், மாரடைப்பு வந்து ஒரே நாளில் போய்விட்டார். அங்கே பூட்டி வைத்திருந்த அவருடைய மட்டைகளை எடுத்து வரத்தான் நாத்தனார் போனார். எடுத்தவர் சும்மா இருக்காமல் ஒரு பந்தை வைத்து அடித்துப் பார்த்திருக்கிறார். பந்து எங்கே போனது என்றே தெரியவில்லையாம். ஆனால் கையில் ஏதோ ஒன்று கலகலவென்று ஓடியதாம். உறுப்பினரின் மனைவி தொடர்ந்து வரலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை. தெருவில் எல்லோரும் பார்க்கப் புடவையோடு போவார், அங்கே போய்ச் சுரிதாருக்கு மாறிக்கொள்வார், மறுபடி புடவையில் திரும்புவார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நாத்தனார் அதை மூடப் பார்க்கவில்லை, அதற்குத் தீனி போடாமல் இருக்கப் பார்த்தார். புருஷன் போனபின் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அப்படிச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்குமோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே பெண்களுக்கென்று ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது, இடி இடித்தால்தான் நிற்கும். நாங்கள் கடை ஏறியதற்கு முந்தைய வருடம் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் போடும் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடி, நாத்தனார் பட்ட பாடு எனக்குத் தெரியும். கையைத் தூக்கினால் சரசரவென்று சத்தம். அந்தச் சத்தத்தில் தனக்கே கவனம் சிதறும், பக்கத்தில் அடிக்கக் காத்திருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியே மழை நனைக்காவிட்டாலும் உள்ளே வியர்வை நனைத்துவிடும். மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கைவரை ஏறும். அன்று இரவே அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. அதனால் இந்த முறை மழைக்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். துணி சத்தம் போடக் கூடாது. தோளில் தாராளமாக இருக்க வேண்டும், ஆனால் வயிற்றருகே தொளதொளவென்று தொங்கி மட்டையில் மாட்டக் கூடாது. உள்ளே ஒரு ஸ்வெட்டருக்கு இடம் வேண்டும். முகத்தைத் திருப்பும்போது காலர் தாடையில் இடிக்கக் கூடாது. மணிக்கட்டில் இறுக்கிக் கட்டப் பட்டை வேண்டும். கால்சட்டை என்றால், சேறு படிந்த ஷூவைக் கழற்றாமலே ஏற்றிக்கொள்ளும்படி முழங்காலுக்குக் கீழே ஜிப் வேண்டும். என்னைப் பெண் பார்த்தபோதுகூட என் மாமியார் வீட்டில் இவ்வளவு கேட்கவில்லை என்று நான் கேலி செய்தேன். நாத்தனார் சிரித்தார், ஆனால் ஒரு நிபந்தனையையும் தளர்த்தவில்லை.

மண்டி மொஹல்லாக் கடைக்காரர் கடைசியில் உள்ளே போய், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு என்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். பிரித்ததும் இதுதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. துணி மெத்தென்று இருந்தது. கசக்கினால் சத்தமில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கடைக்காரரே அதன்மேல் ஊற்றிக் காட்டினார், முத்து முத்தாக உருண்டு ஓடிவிட்டது. பட்டை இருந்தது, கூடவே வந்த கால்சட்டையில் ஜிப் இருந்தது. அதில் கருநீலக் கோட்டு யானைக்குத் தைத்த மாதிரி இருந்தது. நாத்தனாரின் அளவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது நல்ல ரத்தச் சிவப்பு. அத்திம்பேர் போனதிலிருந்து நாத்தனார் உடுத்தியதெல்லாம் சாம்பல், வெளிர்பச்சை, துவைத்துத் துவைத்து எந்த நிறமென்றே சொல்ல முடியாமல் போன பழுப்பு. சிவப்பைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். "வேண்டாம்டீ, என்னமோ மாதிரி இருக்கு" என்றார். மழைக்கு என்ன நிறம் தெரியும், மரங்களுக்கு நடுவில் ஆடுகிறவர்மேல் பந்து படாமல் இருக்கவாவது சிவப்பு நல்லதுதானே என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. பிடித்திருந்ததுதான் அவரைத் தடுத்தது. நானே அதை அவருக்கு மாட்டிவிட்டுக் குடையைக் கையில் கொடுத்தேன். ஒரு வீச்சு வீசினார். சத்தமே வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்தோம்.

அத்திம்பேரின் திவசம் ஆஷாட பகுள தசமி, அதாவது தேய்பிறைத் தசமி என்பது நாத்தனாரின் மனக்கணக்கு. அவர் இறந்த அன்று சுவரில் தொங்கிய கன்னடக் காலண்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. மைசூரில் பிறந்து, கன்னடத்தில் படித்து, கன்னடத்தில் பாடம் நடத்துகிறவருக்கு ஆஷாடம் என்றால் ஆடி, ஆடி என்றால் ஆஷாடம். எனக்கும் அப்படித்தான். ஆனால் கன்னடக்காரர்கள் மாதத்தைச் சந்திரனை வைத்து எண்ணுகிறார்கள், நாம் சூரியனை வைத்து எண்ணுகிறோம். சில வருடம் இரண்டும் ஒன்றாகப் போகும், சில வருடம் ஒன்றை விட்டு ஒன்று நழுவிவிடும். இதையெல்லாம் பார்த்துச் சொல்லும் தமிழ்ச் சாஸ்திரிகள் அந்த வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். பக்கத்துத் தெருக் கன்னடப் புரோகிதரிடம் நாத்தனார் போய் ஆஷாட பகுள தசமி என்று சொன்னார். அவர் தன் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஜூலை நடுவில் ஒரு நாளைச் சொன்னார். கேட்டதற்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். சென்னையில் வேலையில் இருந்த நாத்தனாரின் பிள்ளை வந்து சிரத்தையாகச் செய்துவிட்டுப் போனான். நானும் கூடமாட வேலை செய்தேன். அன்று தமிழுக்கு இன்னும் ஆனி மாதம்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டி ஆகஸ்டில், ஒரு மாதம் கழித்து வந்தது. வேடிக்கை பார்க்க நானும் போனேன். காலையில் தூறலாக இருந்தது, பாதி ஆட்டத்தில் குன்றே தெரியாமல் கொட்ட ஆரம்பித்தது. மற்றப் பெண்கள் குடைக்கும் மட்டைக்கும் நடுவே திண்டாடினார்கள், ஒருத்தி கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நனைந்தே ஆடினாள். நாத்தனார் மட்டும் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்தார். வெள்ளைச் சாம்பலாக இறங்கிய மழைக்குள் அந்தச் சிவப்பு எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை, மூன்றாவதாகத்தான் வந்தார். அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கடைசிக் குழியில் பந்தைத் தள்ளிவிட்டு, தொப்பியைக் கழற்றி, முகத்தை மழைக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்று சிரித்தார். அவ்வளவு சிரிப்பு அந்த முகத்தில் உண்டென்று நான் அறிந்ததில்லை. பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து சூடாக வெங்காய பஜ்ஜி தின்றோம். இன்னொரு தட்டு வாங்கலாம் என்று சொன்னதும் நான்தான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு அவர் காபி கலந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து அத்திம்பேரின் அண்ணா. நான் கேட்டது நாத்தனாரின் பக்கம் மட்டும்தான். "போன மாசமே ஆயிடுத்தே அண்ணா" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாம், ஆனிதான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கா?" என்றார். அவர் கையில் டம்ளர் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். புருஷனின் திதியில், வெளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாத நாளில், சிவப்புக் கோட்டு, வெங்காயம், சிரிப்பு. அவர் அடுப்பை அணைக்கப் போனார். நான்தான் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணியதில் பாதி என் கைவேலை.

சாஸ்திரிகளைப் படுக்கையிலேயே போய்ப் பார்த்தோம். அவர் கோபிக்கவில்லை. தெரியாமல் நடந்ததற்குத் தோஷமில்லை, வருகிற அமாவாசையில் செய்துவிடலாம், சாஸ்திரமே இடம் கொடுத்திருக்கிறது என்றார். பிள்ளை மறுபடி வந்தான், செய்தான், விடுமுறை இல்லையென்று அன்றே ரயிலேறினான். அன்று சாயங்காலம் நாத்தனாரும் நானும் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி வருத்தப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "திதி தப்பினது பெரிசு இல்லடீ. அது கணக்கு, சரி பண்ணியாச்சு. அன்னிக்குக் காலம்பறலேர்ந்து ஆத்துக்கு வர வரைக்கும் ஒரு தடவைகூட அவர் ஞாபகம் வரலை எனக்கு. அவரோட மட்டைதான் கையில இருந்தது. அப்பவும் வரலை. அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். இதுக்கு எந்த அமாவாசை?"

அதைக் காதால் கேட்டதே பாவம் என்பதுபோல, "அப்படியெல்லாம் சொல்லாதீங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவர் கோல்ஃப் ஆடப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. முழங்கால் வலி என்றார், விடைத்தாள் திருத்த வேண்டும் என்றார். மட்டைகளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. சிவப்புக் கோட்டை என் கணவரிடம் கொடுத்து, ஸ்கூட்டரில் போகும்போது போட்டுக்கொள்ளட்டும் என்றார். அக்காவும் தம்பியும் ஒரே உடம்பு வாகு, அவருக்கு அது பொருந்தியது. பல வருடம் அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வந்தார். மழை நாட்களில் தெருமுனையில் சிவப்பு திரும்பும்போதெல்லாம் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் நின்றுவிடுவேன். வாங்கச் சொன்னவளும் நான், மாட்டிவிட்டவளும் நான், இப்போது அதைத் துடைத்துக் காயப்போடுகிறவளும் நான். பஞ்சாங்கம் தவறியதற்கு என்னைக் குற்றம் சொல்ல யாரும் இல்லை. ஆனால் ஒரு மனுஷி சந்தோஷமாக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன், அது நின்றுபோனதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் போய் இப்போது இரண்டு வருடமாகிறது. சும்மா வீட்டில் அடைந்து கிடக்காதே என்று மகள் நச்சரித்ததால், போன கோடையில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில், அந்த உடையில், என் பேத்தி வயதுப் பெண்களோடு. முழுகுவதும் தண்ணீரைக் குடிப்பதுமாகப் பல நாள் போனது. ஒரு நாள் கையையும் காலையும் விட்டுவிட்டு மல்லாந்தேன், தண்ணீர் என்னை அப்படியே தாங்கிக்கொண்டது. வெட்கமில்லாமல் கத்திவிட்டேன். வரும் வழியில் தோசை சாப்பிட்டேன், வாங்கத் தேவையில்லாத ஒரு பூந்தொட்டி வாங்கினேன். சாயங்காலம் விளக்கேற்றப் போனபோது சுவரில் அவர் படத்தைப் பார்த்தேன். அன்று முழுவதும் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. தீக்குச்சி விரல்வரை எரிந்து அணைந்துவிட்டது.

மகளிடம் சொல்ல முடியவில்லை. சென்னையில் பிள்ளையோடு இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டேன். எண்பதை நெருங்குகிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். நடந்ததை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் அழுகையும் உரக்க வந்தது. அவர் சாந்தமாகக் கேட்டுக்கொண்டார்.

"மிதந்தியா?" என்றார்.

"மிதந்தேன் அக்கா."

"நாளைக்கும் போ."

உடனே என் தோட்டத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மறுநாளும் போனேன், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டே வார்த்தை. அன்று பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றவரிடம் அதைச் சொல்வதற்கு அந்தச் சமையலறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.