எருக்கு காய்த்த வீடு

கோச்சடையில் நான் தனியாக இருக்கும் வீட்டில், மோட்டார் ரூமை ஒட்டி ஓர் எருக்கு தானாக முளைத்தது. என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் அது. அலங்காநல்லூரில் விவசாயம் பார்க்கும் அண்ணன் வந்தபோது பார்த்து முகம் சுளித்தார். "எருக்கு மொளச்ச வீடு வெளங்காது தாயி. அடுத்த தடவ அருவாளோட வாரேன்" என்றார். விளங்காமல் போக இங்கே இனி என்ன இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது.

தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்த பூவை நிதானமாகப் பார்த்தது இப்போதுதான். பேச ஆளில்லாவிட்டால் பூவையாவது பார்க்க வேண்டியதுதானே. விரிந்த ஐந்து இதழ்களுக்கு நடுவே மெழுகில் செய்த கிரீடம். அதன் பக்கங்களில் மெல்லிய பிளவுகள். மகரந்தம் இதில் தூளாக உதிராது. இரட்டைப் பைகளாகப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். தேன் குடிக்க வரும் வண்டின் கால் பிளவில் சிக்கினால், இழுக்கும்போது பையும் கூடவே வரும். சின்னத் தேனீக்கள் இழுக்க முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு செத்துப்போவதும் உண்டு. மரம் துளைக்கும் கருவண்டுக்குத்தான் அந்தப் பலம்.

வண்டும் தினம் வந்தது. ஆனாலும் பூத்ததெல்லாம் உதிர்ந்தது. எருக்கு காய்க்க வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். எங்கள் தெருவிலோ வாசல் முழுக்க டைல்ஸ். என்னைப் போலவே நிற்கிறதே என்று எரிச்சலில் சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆடிக் காற்றில் இலை புரண்டபோது ஒரு பச்சைக் காய் தெரிந்தது. அப்படியென்றால் பக்கத்தில் எங்கோ இன்னொன்று இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒவ்வொரு காம்பவுண்டாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், திருடி என்று நினைத்திருப்பார்கள். இரண்டு தெரு தள்ளி, பூட்டு துருப்பிடித்த ஒரு வீட்டின் வாசற்படியைப் பிளந்துகொண்டு நின்றது அந்தச் செடி. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த வீட்டிலும் யாருமில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அண்ணன் சொன்னபடி அரிவாளோடு வந்தார். இலையை விலக்கிக் காயைக் காட்டினேன். காய்த்து நிற்பதில் அவர் கை வைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அரிவாளைப் பைக்குள் வைத்தார்.

"காய் வெடிக்கட்டும் தாயி. அப்பறம் வாரேன்."

அது வெடிக்க இன்னும் நாளாகும். தினமும் காலையில் நாற்காலியை அதன் பக்கத்தில்தான் போட்டுக்கொள்கிறேன்.