அம்மா ஒப்புக்கொடுத்த பூசை

மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில், தொடங்குவதற்கு முன், அன்றைய பூசை யார் யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற கருத்துகளைப் பாதர் வாசிப்பார். இறந்தவர்களுக்காக, நோயாளிகளுக்காக, பிறகு நன்றிக் கருத்துகள். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றிகளுக்குள் என் பெயர் வந்தது. சிட்னி நகரத்துக்குள் பழைய கல் மண்டபங்களோடு நிற்கும் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரும் கூடவே வந்தது. "பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தமைக்காகப் பெற்றோர் ஒப்புக்கொடுக்கும் கருத்து" என்று பாதர் முடித்ததும், முன்வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்திருந்தது பல் வைத்தியம் அல்ல. மூன்று வருட விஞ்ஞானப் பட்டப்படிப்பு. அதை முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, நேர்முகத்துக்கும் போய்வந்த பிறகுதான் பல் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பது தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு முன் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் எவரும் இல்லாததால், இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடெல்லாம் அம்மாவின் காதில் "பல் டொக்டர்" என்ற ஒற்றைச் சொல்லாகவே தங்கியது. பாதர் வாசித்ததில் அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று புலமைப்பரிசிலோடு இடம் தந்திருந்தது. நான் விசாரித்த மட்டில், பல் மருத்துவப் பள்ளி பட்டத்தின் புள்ளிகளைத்தான் பார்க்கும், அது எங்கே எடுத்த பட்டம் என்று பார்க்காது. அந்தப் பரிசில் பணத்தில், வேலைக்குப் போகாமல் படித்தால் நல்ல புள்ளி எடுப்பேன் என்ற நம்பிக்கையும் இருந்தது. பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் சொல்வதாக இருந்தேன்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பார்கள். ஓர் அங்கிள் என் முன்னால் வந்து வாயைப் பிளந்தார். "தம்பி, இந்தக் கடைவாய்ப் பல்லை ஒருக்காப் பார். உனக்கு நான்தான் முதல் பேஷன்ட்." பின்னால் நின்றவர் விடவில்லை. "அண்ணை, அவன் படிச்சு முடிக்கேக்க உங்களுக்குப் பார்க்கிறதுக்குப் பல்லே இருக்காது." மண்டபமே சிரித்தது. ஓடுகள் ஏற்றியிறக்கும் கிடங்கில் வேலை செய்த அப்பா, வழமையாகக் கதவோரம் நின்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காரைத் திறக்கப் போய்விடுவார். அன்று யாரோ கதிரை இழுத்துப் போட, நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை. வீட்டுக்குப் போய் நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பெரிய பல்கலைக்கழகம் தந்த இடத்தை ஏற்றுக்கொண்டேன்.

மூன்று வருடங்களும் ரெயினிலேயே போயின என்று சொல்லலாம். புலமைப்பரிசில் இல்லாததால், வகுப்பு முடிந்து வரும் வழியில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கி ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தேன். அரிசி மூட்டை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து இரசாயனப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். பெயில் ஆகவில்லை. ஆனால் என் புள்ளிகள் நடுவிலேயே நின்றுவிட்டன. பல் மருத்துவத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. வீட்டில், இந்த வருடம் போட்டி கடுமை என்று மட்டும் சொன்னேன். "சரி, அந்தோனியார் வேற வழி காட்டுவார்" என்றார் அம்மா. அதற்கு மேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இப்போது நான் இரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். குறை சொல்லக்கூடிய வேலையல்ல. ஆனால் அம்மா ஏன் மேலே கேட்கவில்லை என்பது நெடுநாள் எனக்கு விளங்கவில்லை.

போன மாதப் பூசைக்குப் பிறகு, கழுவ வேண்டிய கோப்பைகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக் குசினிக்குப் போனேன். உள்ளே அம்மாவும், மகளுக்குப் புதிதாக இடம் கிடைத்திருந்த ஓர் அன்ரியும் நின்றார்கள்.

"அக்கா, பிள்ளைக்கு ரெண்டு யூனியிலயும் இடம் வந்திருக்கு. அவள் கிட்ட இருக்கிறதுக்குப் போகப்போறன் எண்டு நிக்கிறாள். பெரிய இடம்தானே நல்லது? அடுத்த பூசைக்குப் பேர் குடுப்பம் எண்டு யோசிக்கிறன்."

"குடுக்காதையுங்கோ" என்றார் அம்மா. தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. "என்ர மகனும் கிட்ட இருக்கிறதுக்குத்தான் போக இருந்தவன். ஃபோனில கூட்டாளிக்குச் சொல்லேக்க கேட்டனான். கேட்டுப்போட்டுத்தான் ஓடிப்போய்ப் பாதரிட்டக் குடுத்தனான். கோயிலில வாசிச்சுப்போட்டால் பிறகு மாறமாட்டான் எண்டு தெரியும். பிள்ளையைக் கட்டிப்போட்டன் தங்கச்சி. நீங்கள் அதைச் செய்யாதையுங்கோ."

கோப்பைகளோடு கதவுக்கு வெளியே நின்றேன். இத்தனை வருடமும் அதை அறியாமையில் நடந்த பிழை என்றே நினைத்திருந்தேன். அறியாதவர் என்று நினைத்து அவரிடமிருந்து நான் எதையெல்லாம் மறைத்தேனோ, அதையெல்லாம் அவர் முதலிலிருந்தே தெரிந்து வைத்துக்கொண்டு, என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்.

காரில் ஏறியதும் அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"குசினி வாசலில நிண்டனியோ?"

"ஓம்."

"கோவமோ?"

காரை எடுத்துச் சந்திக்கு வந்தபோது சிவப்பு விளக்கு விழுந்தது. "இல்லையம்மா. பாதர் அந்தப் பேரை வாசிக்கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தவை."

அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற காரையே பார்த்தார்.

"அண்டைக்கு என்னோட சண்டை பிடிச்சிருக்கலாம், மோனை" என்றார். "நான் விட்டிருப்பன்."