லூஷியஸின் மட்டை மட்டும் போன ஊர்

லூஷியஸ் பிளெட்சோ பிற்பாடு வடக்கே போய், மட்டையாலேயே வழி பண்ணிக்கொண்டு மேல் லீக்குக்கு ஏறினான். நிறவெறியை வென்ற வீரன் என்று இப்போது மேடைபோட்டுப் பேசுகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் வடக்கே போவதற்கு முன்னால் நடந்ததை இவர்களில் ஒருவனும் பேசுவதில்லை.

1954. அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியாவில் ஒரு சின்ன லீக். எங்கள் பேஸ்பால் அணியில் கறுப்பர்கள் அவனும் நானும்தான். மற்றவர்கள் ஓட்டலில் தூங்க, நாங்கள் எங்கள் இனத்து ஹாட்டி அம்மாவின் சவப்பெட்டிக் கடை மாடியில் தூங்குவோம். பஸ் சாப்பாட்டுக்கு நின்றால் அவர்கள் உள்ளே போய் உட்காருவார்கள். எங்களுக்கு ஜன்னல் வழியாக ஆறிப்போன ரொட்டி வரும். வெட்கமில்லாமல் தின்போம்.

சீசன் முடிவில் பந்தை அடிப்பதில் யார் முதலோ அவனை மேல் லீக்கில் எடுப்பார்கள். லூஷியஸ் முதலில் இருந்தான். நூலிழை பின்னால் எங்கள் அணியின் வெள்ளையன் டேனி க்ரீவ்ஸ். பாக்கி மூன்று ஆட்டம். அவை நடக்கிற ஊரிலோ கறுப்பனும் வெள்ளையனும் சேர்ந்து ஆடக் கூடாதென்று சட்டம். எங்களை விட்டுவிட்டுப் பஸ் கிளம்பத் தயாரானது.

மேனேஜர் வந்தார். "டேனி மட்டை விரிசல் விட்டிருச்சு. உன்னுத குடு, பையா. நீதான் வரப் போறதில்லையே."

எங்கள் ஆட்டக்காரர்களில் மட்டையை இரவல் தருகிறவன் கிடையாது. ஒரு மட்டைக்குள் இத்தனை அடிதான் இருக்கும், கொடுத்தால் நம் அடி போய்விடும் என்பார்கள். லூஷியஸ் என்னை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

"அவன் என்னை முந்தறதுக்கு என் மட்டையே வேணுமாம்டா!"

"குடுத்துத் தொலைடா. மாட்டேன்னா திமிர் பிடிச்சவன்னு மேல எழுதிப் போட்ருவாரு. அப்புறம் உன்னை எவன் எடுப்பான்?"

"மட்டை அந்த ஊருக்குள்ள போலாம், நான் போகக் கூடாது. நல்லா இருக்குடா இவங்க நியாயம்."

கொடுத்தான்.

மூன்று நாளும் ஹாட்டி அம்மாவின் ரேடியோவில் டேனி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் டேனி முந்திவிட்டான். ஹாட்டி அம்மா ரேடியோவை அணைத்துவிட்டுத் துப்பினாள்.

பஸ் திரும்பியபோது பத்திரிகைக்காரன் காத்திருந்தான். டேனி மட்டையைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். பிறகு கொண்டுவந்து நீட்டினான். பிடியின் அடியில் லூஷியஸ் ஆணியைக் காய்ச்சிச் சுட்டு வைத்திருந்த தன் பெயர் இல்லை. கத்தியால் சுரண்டிய வெள்ளை மரம்தான் இருந்தது.

"போட்டோல தெரிஞ்சா நல்லா இருக்காதுன்னு மேனேஜர்தான் சுரண்டச் சொன்னாரு," என்றான் டேனி, ஏதோ அழுக்கைத் துடைத்த மாதிரி.

லூஷியஸ் மட்டையை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"திமிர் பிடிச்சவன்னு எழுதிப் போட்டிருந்தாக்கூட என் பேரு எங்கயாவது இருந்திருக்கும்டா."

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே ரயிலேறிவிட்டான். நான் அடுத்த சீசனும் அதே மேனேஜரிடம்தான் ஆடினேன்.