விழாத கோடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பம்ப் மெக்கானிக்காக இருந்தேன். கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது என் பம்ப். அந்தக் குழாயில் துளி வெல்டிங் கேஸ் விட்டு மின்சாரம் பாய்ச்சுவாள் மாட்டுங்காவிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி சாருலதா. உள்ளே கரியணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுமாம். குழாய் வழியே லேசர் ஒளி போகும். சங்கிலி இருக்கும்வரை திரையில் ஒரு கோடு எழும்பி நிற்கும்.

"மின்சாரம் நின்னா கண் சிமிட்டறதுக்குள்ள சங்கிலி செத்துடும், இசக்கி மாமா. கோடும் விழுந்துடும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் 3.25. மின்சாரத்தை நிறுத்தினாள். கேஸையும் மூடினாள். குழாயில் ஊதா வெளிச்சம் அணைந்தது.

கோடு விழவில்லை.

"உங்க பம்ப் எண்ணெய்தான் உள்ள ஏறியிருக்கு மாமா, அதான் கோடு நிக்குது. ரிப்போர்ட்ல எழுதியாகணும்."

எழுதினால் என் வேலை போய்விடும்.

"எம்மேல பழியப் போடாதம்மா. மொதல்ல ஒஞ் சுவிட்சப் பாரு."

பார்த்தோம். குழாய்க்குப் போகும் வயரை நானே பிடுங்கினேன். 3.34... கோடு அப்படியே நின்றது.

இல்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது...

"எண்ணெய் இப்படி ஏறி எறங்குமா?" என்றேன்.

அவள் திரையருகே குனிந்து பார்த்தாள்.

பம்பை அணைத்தேன்.

ஹ்ஹா... ஹ்ஹா...

குழாயிலிருந்துதான்.

3.41. குழாயின் உள்ளே துடைத்து, எண்ணெய் இல்லை என்று காட்டிவிட நினைத்து வால்வைத் திறந்தேன். காற்றில்லாத குழாய், திறந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

இழுக்கவில்லை.

ஊதியது.

வெதுவெதுப்பாக... என் முகத்தில்.

கோடு விழுந்தது.

குழாயைத் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

திங்கட்கிழமை, குழாயில் விரிசல் இருக்குமோ என்று கேட்க, அதைச் செய்துகொடுத்த வானமாமலைக்குப் போன் போட்டாள் சாருலதா. தாராவிக்காரர். கண்ணாடியைக் காய்ச்சி, வாயால் ஊதி ஊதியே குழாய் செய்கிறவர். அவர் மகள் எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அப்பா நேத்து போயிட்டாவ. மத்தியானம் மூணு இருவத்தஞ்சுக்கு மூச்சு நின்னுட்டு."

சாருலதா பேனாவை எடுத்தாள். ரிப்போர்ட்டில் காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

"என்ன எழுத மாமா?"

"பம்ப் எண்ணெய்னே எழுதும்மா" என்றேன்.