சைக்கிள் மேல் போட்ட பழி

எனக்கு என்ன ஆயிற்று என்பதை என்னைத் தவிர ஊரில் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்கள். சொன்னது போதாதென்று பேனர் வேறு. திருக்கழுக்குன்றத்திலிருந்து புதுப்பட்டினம் போகும் சாலையில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த என் படம் ஆளுயரத்துக்கு முறைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். எனக்குச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. பதினோரு வயது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தோழியின் அண்ணனுடைய பார் வைத்த சைக்கிளை அவனுக்குத் தெரியாமல் எடுத்துக் குரங்கு பெடல் போட்டேன். ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பார் மேலேயே விழுந்தேன், நல்ல அடி. சைக்கிளைத் தொட்டால் தோலை உரிப்பேன் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்ததால் வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் காலையில் பாவாடையில் ரத்தம். உள்ளே ஏதோ அறுந்துபோய்விட்டது, இனி பிழைக்கமாட்டேன் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னால் அதற்கு முன்பே அவள் கொன்றுவிடுவாள்.

பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒளித்திருந்த பாவாடை அம்மா கையில் சிக்கியது. அடி விழும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அடிக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மாவை, அதாவது என் அப்பாவுடைய அண்ணன் மனைவியை, கூப்பிட ஓடினாள். பெரியம்மா வந்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தினி மணிக்கு பாத்த?"

எனக்கு என்ன ஆச்சு என்று நான் திருப்பிக் கேட்டேன். நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேனாம். எவ்வளவு பெரிய மனுஷி என்றால், அடுத்த நிமிடமே ஒரு மூலையில் உட்காரவைத்து, தனித் தட்டும் தனி டம்ளரும் கொடுத்து, எதையும் தொடாதே என்றார்கள். அதோடு பெரியம்மா விட்டாளா? மணி தெரிந்தால்தான் ஜாதகம் எழுத முடியுமாம். பிறந்ததற்கு எழுதிய ஜாதகம் இதற்கு ஆகாதாம். வெள்ளிக்கிழமை என்று உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமை சைக்கிளும் பின்னாலேயே வெளியே வந்துவிடும். ஆகவே இன்றைக்குக் காலையில் எட்டு மணி என்று அளந்துவிட்டேன். சரியாக எட்டா, எட்டேகாலா என்று குடைந்தாள். எட்டு ஆறு என்றேன். அந்தப் பொய் மணிக்கு ஒரு ஜோசியர் முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். பெண் கொடுத்துவைத்தவள் என்று வந்ததாம். வீட்டில் எல்லோருக்கும் அப்படியொரு நிம்மதி.

லாரி ஓட்டுகிற தாய்மாமா வண்டியை நிறுத்திவிட்டு வந்து, சிமெண்டுத் தரையில் தென்னை ஓலையால் குடிசை கட்டி என்னை அதற்குள் தள்ளினார். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மதியம் உளுந்தங்களி. அடிபட்டதற்கு மருந்து போலிருக்கிறது என்று குமட்டலை அடக்கிக்கொண்டு விழுங்கினேன். அம்மா ஒரு நாப்கின் பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, முகத்தைப் பார்க்காமல் கையில் திணித்தாள். காயத்துக்குக் கட்டுப்போடும் பஞ்சு என்று நினைத்தேன். பார்க்க வருகிற ஒவ்வொருத்தியும் அதே கேள்வியைத்தான் கேட்டாள், மணி என்ன, மணி என்ன என்று. நான் என்ன ரயில்வே ஸ்டேஷனா? அம்மாவைக் கேட்டால் பெரியம்மா சொல்லுவாள் என்றாள். பெரியம்மாவோ, உங்கம்மா இன்னுமா சொல்லவில்லை என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தாம் நாள் ரத்தம் நின்றது. பதினோராம் நாள் தண்ணீர் ஊற்றி, பட்டுப்புடவை சுற்றி, ஆலத்தி எடுப்பதுபோல் புட்டுத் தட்டைத் தலையைச் சுற்றி எடுத்தார்கள். வீடியோக்காரர் தலையை இப்படிச் சாய், அப்படிச் சாய் என்று உயிரை எடுத்தார். இதெல்லாம் சைக்கிளில் பட்ட அடி என்று தெரிந்தால் இத்தனை கூட்டத்தையும் எப்படித் திருப்பி அனுப்புவார்கள் என்பதுதான் என் கவலை. இனிமேல் செத்தாலும் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று மணவறையில் உட்கார்ந்தபடியே சாமியிடம் சத்தியம் செய்தேன்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். தோழி சைக்கிளில் போக, நான் பள்ளிக்கு நடந்தே போனேன். அப்படியும் அடுத்த மாதம் மறுபடி ரத்தம். பயம்கூட இல்லை, ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய் அழுதேன்.

"நான் சைக்கிள தொடவே இல்லம்மா. சத்தியமா."

எந்த சைக்கிள் என்றாள். ஏரிக்கரை, பிரேக், பார், எட்டு ஆறு என்ற புளுகு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜாதகம் பாழாய்ப்போனதற்கு இப்போதாவது அடி விழும் என்று பார்த்தேன். அம்மா களைந்த அரிசியை அப்படியே கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அடியும் இல்லை, நோவும் இல்லை என்றாள். வயிற்றில் பிள்ளை தங்குவதற்காக மாதா மாதம் உள்ளே தயாராவது, பிள்ளை இல்லாதபோது இப்படி வெளியே போய்விடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் வரும், எனக்கும் வருகிறது என்றாள். நாப்கினை எப்படி வைப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று காட்டினாள். மொத்தம் மூன்று நிமிடம். இந்த மூன்று நிமிடப் பேச்சுக்கா ஒரு மாதமும், ஒரு பேனரும், முப்பது முட்டையும்! முன்னாடியே சொல்ல உனக்கென்ன வந்தது என்று கத்தினேன்.

"எனக்கு யாருடி சொன்னாங்க? மாசி மகத்துக்கு மகாபலிபுரம் கூட்டிகினு போனாங்க. கடல்ல எறங்கி ஆடிகினு இருந்தேன். அன்னிக்குதான் ஆச்சி. அலை அடிச்சதுல இன்னாவோ ஆயிடிச்சின்னு நெனச்சிகினேன். அதோட சரி, கடல்ல காலே வெக்கல."

"அலையால இல்லன்னு தெரிஞ்சப்புறம் எறங்கி இருக்கலாம் இல்ல?"

"எறங்கி இருக்கலாம்" என்றாள் அம்மா. எழுந்துபோய் அரிசியை உலையில் போட்டாள்.

கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இதற்குப் போய் இத்தனை வருஷம் ஒருத்தி சும்மா இருப்பாளா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று சாயங்காலமே, சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டே கிளம்பினேன். அம்மா தெருவரைக்கும் வந்தாள். கையில் குச்சி எடுக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நான் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மனசு மாறிக் கூப்பிட்டுவிடப் போகிறாளே என்று தோழி வீட்டுக்கு வேகமாக ஓடினேன்.